தோலழற்சியும் கலவாங்கிகளும்

முன்கைத் தோலில் கூரற்ற முனையொன்றினால் அழுத்திக் கீறினால், சில கணங்களில் அவ்வழியே செங்கோடொன்று தோன்றும்; பின்னர் அதனைச் சூழ்ந்து செம்மை படரும்; சிலரது தோலில் கீறிய இடம் தடித்து வீங்கவும் செய்யும். இம்மூன்றையும் நுணுகி ஆராய்ந்தவர் பிரித்தானிய மருத்துவ அறிஞர் தோமஸ் லூயிஸ். ஊறுபட்ட தோல் ஹிஸ்ரமினை ஒத்த பொருளொன்றை வெளிவிடுகின்றதென 1927 இல் வெளிவந்த தமது நூலில் நிறுவிய அவர், அதனை ஹிஸ்ரமினே எனத் துணியாது ‘எச்-பொருள்’ என்றே வழங்கினார்.

அப்பொருள் குருதிக்கலன்களை விரிக்கின்றது. நரம்பில் அரிப்பை எழுப்புகின்றது. இரைப்பையிலோ அமிலத்தைச் சுரப்பிக்கின்றது. ஒரே பொருள் இடத்துக்கிடம் வேறு தொழில் புரிவது எங்ஙனம்? விடை பொருளில் இல்லை. அதனை ஏற்கும் கலத்தில் உளது. கலமென்சவ்விலுள்ள சில புரதங்கள் குறித்த பொருளைப் பற்றி, அச்செய்தியைக் கலத்தினுள் செலுத்துகின்றன. இவையே வாங்கிகள். லாங்லி என்பார் 1905 இலேயே ‘ஏற்கும் பொருள்’ என இக்கருத்தைக் கூறினார். ஹிஸ்ரமினுக்கு நால்வகை வாங்கிகள் உள. தோலின் வீக்கத்துக்கும் அரிப்புக்கும் முதல்வகையே பெரிதும் காரணம். இரைப்பைக்குரியது இரண்டாம் வகை.

இனி, ஒருவருக்கு மீன் நஞ்சாவதும் மற்றவருக்கு உணவாவதும் ஏன்? 1921 இல் வெளிவந்த சோதனையொன்று இதற்கு வழிகாட்டிற்று. கூஸ்ற்னர் என்னும் மருத்துவருக்கு மீன் ஒவ்வாது. அவரது குருதித் தெளியத்தைப் பிரவுஸ்னிற்ஸ் தம் தோலில் ஊசியால் ஏற்றி, மறுநாள் அவ்விடத்தில் மீன்சாற்றைச் செலுத்தினார். மீனால் ஒருபோதும் துன்புறாத அவர் தோல் அவ்விடத்தே தடித்துச் சிவந்தது! தெளியத்திலிருந்த ஏதோவொன்று அவர் தோலிற் பற்றி நின்றமை இதனாற் பெறப்பட்டது. அஃது இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் பிறபொருளெதிரி என்பது 1960 களின் பிற்பகுதியிலேயே தெளிவாயிற்று. (குருதிவழி நோய் பரவக்கூடுமாதலின் இச்சோதனை பின்னர் கைவிடப்பட்டது, மாணவர் எவரும் முயலற்க.)

அது பற்றிய இடம், தோலிலுள்ள மாஸ்ற் கலத்தின் வாங்கியாகும். ஒவ்வாப் பொருள் வந்து, அருகருகேயுள்ள பிறபொருளெதிரிகளை ஒருங்கே பிணைக்கும்போது, வாங்கிகள் ஒன்றுகூடுகின்றன. மாஸ்ற் கலம் தன் மணிகளிலுள்ள ஹிஸ்ரமினைச் சொரிகின்றது. அது நுண்குருதிக்கலன்களின் சுவரிலுள்ள முதல்வகை வாங்கியைத் தூண்ட, சுவர்க்கலங்களிடையே இடைவெளி உண்டாகித் திரவம் கசிகின்றது. அதுவே தடிப்பு. சூழ்ந்து படரும் செம்மையோ நரம்பு முனைகளின் செயல்.

வாங்கியைப் பூட்டுக்கும் ஹிஸ்ரமினைத் திறப்புக்கும் ஒப்பிட்டு வகுப்பறையிற் கற்பிப்பது வழக்கம். தொடக்கத்துக்கு அது போதும். ஆயினும் முற்றும் பொருந்தாது. வாங்கி அசைவற்ற பூட்டன்று. திறப்பின்றியும் அவ்வப்போது தானே திறக்கும் இயல்பினது. ஹிஸ்ரமின் திறந்த நிலையை நிலைப்படுத்துகின்றது. ஹிஸ்ரமினெதிரி மருந்து மூடிய நிலையை நிலைப்படுத்துகின்றது. பழைய மருந்துகள் மூளையிலுள்ள அதே வாங்கிகளையும் மூடுவதனாலேயே உறக்கம் வருகின்றது. பரீட்சைக் காலத்தில் அவற்றை உண்போர் இதனை அறிந்திருத்தல் நன்று.

அரிப்பு யாவும் ஹிஸ்ரமினால் வருவதெனக் கருதி, குழந்தைகளின் நாட்பட்ட கரப்பானுக்கும் அம்மருந்தையே வாங்கிக் கொடுப்போர் பலர். அந்நோயில் முதன்மை பெறுவன இன்ரலூக்கின் 4, 13, 31 முதலிய புரதங்கள். முன்னிரண்டும் மேற்றோற் கலங்களின் வாங்கிகளைத் தூண்டி, தோலின் காப்பரணாகிய புரதங்களைக் குன்றச் செய்கின்றன. 31 நரம்பின் வாங்கியைப் பற்றி அரிப்பை எழுப்புகின்றது. இங்கு ஹிஸ்ரமினின் வாங்கியை மூடுவதனாற் பெரும்பயன் விளையாது. தோலை ஈரப்பதத்துடன் பேணுதலும் மருத்துவர் விதிக்கும் பூச்சு மருந்துமே முதன்மையானவை. இந்நோய் தொற்றுவதுமன்று. அங்ஙனமிருக்க, கரப்பானுடைய பிள்ளையை வாங்கில் தனியே இருத்துவது அறியாமையேயன்றி வேறன்று.

4, 13 ஆகிய இரண்டும் பங்கிடும் வாங்கியை மறைக்கும் டுபிலுமாப் என்னும் ஊசிமருந்து 2017 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் பிறபொருளெதிரியே. மாஸ்ற் கலத்தில் அழற்சிக்கு வழிசெய்த புரதக் குடும்பத்தின் பிறிதோர் உறுப்பு, இங்கு வாங்கியின் வாயிலை அடைத்து நிற்கின்றது.