ஒரே ஒரு பாட்டு: பேர் எந்த வரியில இருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டுள்ளது.)

நம்ம ஈரோட்டுல பெரிய மாரியம்மன் கோயிலுக்குக் கம்பம் நட்டாச்சுன்னா, சவுண்ட் சர்வீஸ்காரங்க தெருவுக்குத் தெரு ஸ்பீக்கர் கட்டிடுவாங்க. அந்த ஸ்பீக்கர்கள்ல 20 வருஷம் தாண்டியும் கேக்கற ஒரு பாட்டு, 'தூள்' படத்துல பரவை முனியம்மா பாடினது. சரி, அவங்க பாடின இன்னொரு சினிமாப் பாட்டு சொல்லுங்கன்னு கேட்டா, நம்மள்ல பல பேர் முழிப்போம்.

இதைத்தான் இங்கிலீஷ்ல 'ஒன் ஹிட் வொண்டர்'னு சொல்றாங்க. ஒரே பாட்டுல உச்சத்துக்குப் போய், அதுக்கப்புறம் காணாமப் போறவங்க. ஆனா இந்தப் பட்டத்துல எனக்கு ஒரு சந்தேகம் இருக்குங்க. காணாமப் போனது அவங்களா, இல்ல நாம பாக்கறதை நிறுத்திட்டோமா?

மூணு பேரை எடுத்துக்கலாம். 1985-ல பாண்டியராஜன் எடுத்த 'ஆண் பாவம்' படத்துல கொல்லங்குடி கருப்பாயி. 2003 பொங்கலுக்கு வந்த 'தூள்'ல வித்யாசாகர் இசையில முனியம்மா. 2020 பிப்ரவரியில வந்த 'அய்யப்பனும் கோஷியும்' மலையாளப் படத்துல நஞ்சம்மா. மூணு பேருமே ஊர்ல பாடிப் பாடிப் பழகின குரல்கள். சினிமாவுக்கு வரும்போது வயசானவங்க. அதாவது, நமக்கு 'முதல் பாட்டு'ன்னு தெரியறது, அவங்களுக்கு எத்தனையாவது பாட்டுன்னு எண்ணவே முடியாது. நடவு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மின்னு ஆயுசு முழுக்கப் பாடினதுல சினிமா ஒண்ணை எடுத்துக்கிட்டுது.

அப்புறம் ஏன் இரண்டாவது ஹிட் வரல? சினிமா இந்தக் குரல்களைக் கூப்பிடறது பெரும்பாலும் கதை நடக்கிற மண்ணுக்காக. மதுரைக் கதைன்னா மதுரைக் குரல், மலைக் கதைன்னா மலைக் குரல். அடுத்த படம் வேற ஊருக்குப் போயிடும். பிளேபேக் சிங்கருக்கு வர்ற மாதிரி, எல்லாக் கதைக்கும் இவங்களுக்கு அழைப்பு வராது.

நஞ்சம்மா நமக்கு ரொம்பத் தூரம் இல்ல. கோயம்புத்தூர்ல இருந்து ஆனைகட்டி தாண்டினா அட்டப்பாடி. அங்க இருளர் சமூகத்தைச் சேர்ந்தவங்க, ஆடு மாடு மேய்க்கறவங்க. சச்சி இயக்கின அந்தப் படத்துக்காக அவங்க இருள மொழியில பாடின பாட்டு, படம் வர்றதுக்கு முன்னாடியே யூட்யூப்ல பரவுச்சு. பிருத்விராஜைத் தெரியுமா, பிஜு மேனனைத் தெரியுமான்னு கேக்க, தெரியாதுன்னு அவங்க சிரிச்ச வீடியோவும் கூடவே ஓடுச்சு. 2022 ஜூலையில சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவங்களுக்கு அறிவிச்சாங்க. சச்சிக்குச் சிறந்த இயக்குநர் விருது. ஆனா அவர் 2020 ஜூன்லயே இறந்துட்டார்.

விருது அறிவிச்சதும் ஒரு சர்ச்சை வந்துச்சு. சுருதி கொடுத்தா அதுல நின்னு பாடத் தெரியாதவங்களுக்கு இந்த விருதான்னு ஒரு கேள்வி. முறையாச் சங்கீதம் படிச்ச பல பேரே நஞ்சம்மா பக்கம் நின்னாங்க. என்னைக் கேட்டா, அந்தக் கேள்வியே தப்பான இடத்துல நிக்குது. அவங்க பாட்டுக்குத் துணை பறையும் தவிலும் கொகலும். ஸ்டுடியோவோட கிளிக் ட்ராக் இல்ல. அந்த அளவுகோலை வெச்சு இதை அளக்க முடியாதுங்க.

இப்போ காசு விஷயத்துக்கு வருவோம். முனியம்மா 'தூள்'க்கு அப்புறம் நிறையப் படங்கள்ல நடிச்சாங்க, டிவியில சமையல் நிகழ்ச்சி கூடப் பண்ணாங்க. ஆனாலும் வயசான காலத்துல உடம்பு முடியாம, பணமும் இல்லாம இருந்தாங்க. 2015-ல தமிழக அரசு அவங்க பேர்ல 6 லட்சம் ரூபாய் வைப்பு நிதி போட்டு, வட்டி மாசாமாசம் போற மாதிரி செஞ்சுது. 2020 மார்ச் 29-ஆம் தேதி இறந்துட்டாங்க. ஸ்பீக்கர்ல பாட்டு மட்டும் நிக்கவே இல்ல.

ஏன் இப்படி? அன்னைக்கு இருந்த சட்டப்படி, ஒரு பாடகர் படத்துக்குப் பாட ஒத்துக்கிட்டா, அந்தப் பாட்டு மேல அவருக்கு இருக்கற உரிமை அதோட முடிஞ்சுது. ஒரு தடவை சம்பளம், அவ்வளவுதான். 2012-ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினாங்க. பாட்டு எழுதறவங்க, இசையமைக்கறவங்க தங்களோட ராயல்டி உரிமையை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. தியேட்டர்ல படத்தோட ஓடறது மட்டும் விதிவிலக்கு. பாடறவங்களுக்கும் வணிகப் பயன்பாட்டுல ராயல்டி உண்டுன்னு சட்டம் சொல்லுது.

இதனால பேர் எந்த வரியில இருக்குங்கறது முக்கியம். நஞ்சம்மா பேர் அந்தப் பாட்டுல பாடகர்னும் இருக்கு, பாடலாசிரியர்னும் இருக்கு. அதுக்குப் பதிலா 'நாட்டுப்புறப் பாடல்'னு மட்டும் போட்டிருந்தா? எழுதினவருக்கான பங்கு கேக்க ஆளே இல்லாமப் போயிருக்கும்.

'ஃப்ரெண்ட்ஸ்' சீரியல் பாத்திருப்பீங்க. அதோட டைட்டில் பாட்டு முதல்ல ஒரு நிமிஷம் கூடக் கிடையாது. அமெரிக்காவுல நாஷ்வில் நகரத்து ரேடியோக்காரங்க அதையே ஒட்டி ஒட்டி மூணு நிமிஷப் பாட்டாக்கி ஓட்டினாங்க. நேயர்கள் விடாம கேக்கவும், 1995-ல ரெம்ப்ராண்ட்ஸ் பேண்ட் முழுப் பாட்டாவே பதிவு பண்ணி வெளியிட்டாங்க. அவங்களை உலகமே அந்த ஒரே பாட்டாலதான் ஞாபகம் வெச்சிருக்கு. ஆனா எழுதினவங்க பட்டியல்ல பேண்டோட 2 பேர் பேரும் இருக்கு. சீரியல் மறுபடி மறுபடி ஓட ஓட, அந்தப் பேருக்கு ஒரு மதிப்பு இருந்துக்கிட்டே இருக்கும்.

பேர் இருந்தா எல்லாம் சரியாயிடும்னு சொல்ல வரல. சட்டம் இருக்கு, ஆனா அதுக்கான சங்கத்துல பதிவு பண்ணணும், ஃபார்ம் நிரப்பணும். ஆடு மேய்ச்சுட்டு இருக்கற ஒரு அம்மாவுக்கு அதை யார் சொல்லித் தருவாங்க? தேசிய விருதுக்கு அப்புறமும் நஞ்சம்மா தன் குடும்ப நிலத்துக்காகப் போராடினது செய்திகள்ல வந்துச்சு.

நம்ம மாவட்டத்துலயே தாளவாடி, கடம்பூர், பர்கூர் மலைகள்ல ஊராளி, சோளகர் மக்கள் இருக்காங்க. அவங்க பாட்டை நாளைக்கு யாராவது போன்ல பதிவு பண்ணி ரீல்ஸ் போடலாம், சினிமாவுக்கும் எடுக்கலாம். பதிவு பண்றது நீங்களா இருந்தா, பாடினவங்க பேரையும் ஊரையும் கேட்டு, அவங்க சம்மதத்தோட எழுதிப் போடுங்க. 'மலைவாழ் மக்கள் பாட்டு'ன்னு மட்டும் போட்டு நகர்ந்துடாதீங்க. பின்னாடி யாராவது பங்கு கேக்கணும்னா, அந்த ஒரு வரிதான் சாட்சி.

அடுத்த எபிசோடுல பாக்கலாம்.