பிக்கப்பை உயர்த்தினால் இழுவைத் திறன் குறையுமா? ஜவ்வாது மலை ஏறும் முன் போட வேண்டிய கணக்கு

வார நாட்களில் சென்னை ஓ.எம்.ஆர்., வார இறுதியில் திருவண்ணாமலை பக்கம் இருக்கும் நிலம். இப்படி இரண்டு இடத்துக்கும் ஓடுறவங்களுக்குப் பிடித்த வண்டியாக மாறியிருக்கிறது பிக்கப். இசுஸூ வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளில் குடும்பமும் போகலாம், பின்னால் உரமூட்டையும் ஏற்றலாம்.

வாங்கிய சில மாதங்களில் இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, போளூர் தாண்டி ஜமுனாமரத்தூர் ஏறி, அங்கிருந்து மலைக் கிராமங்களுக்குப் பிரியும் கரடுமுரடான பாதையில் அடிப்பாகம் தட்டாமல் போகணும். அதற்கு வண்டியை 'லிஃப்ட்' பண்ணணும். இன்னொன்று, தண்ணீர் டேங்கர், ஜெனரேட்டர் வைத்த டிராலி என்று எதையாவது பின்னால் கட்டி இழுக்கணும்.

இரண்டும் ஒரே வண்டியில் சாத்தியமா? சாத்தியம்தான். ஆனால், உயரத்தை யாரும் சும்மா தருவதில்லை. எதைக் கொடுத்து அதை வாங்குகிறோம் என்று தெரியாமல் செய்தால், அந்த விலையைக் கொண்டை ஊசி வளைவில் கட்ட வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு குழப்பம்: 'கேஸ் டிரக்' என்றால் என்ன?

யூடியூபில் லிஃப்ட் வீடியோ தேடினால் வருவதில் பெரும்பாலானவை அமெரிக்க வீடியோக்கள். அவர்கள் 'கேஸ் டிரக்' என்று சொல்வது நம்ம ஊர் சி.என்.ஜி. வண்டியை இல்லை. அங்கே 'கேஸ்' என்றால் பெட்ரோல்.

இந்த வித்தியாசம் முக்கியம். நம்ம ஊரில் ஓடும் பிக்கப்களில் பெரும்பாலானவை டீசல். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு 2.7 லிட்டர் பெட்ரோல் ஹைலக்ஸ் நன்றாகத் தெரிந்திருக்கும். அதன் அதிகபட்ச முறுக்குவிசையான 245 நியூட்டன் மீட்டர், இன்ஜின் 4,000 ஆர்.பி.எம். சுற்றும்போதுதான் கிடைக்கும். இந்தியாவில் விற்கும் 2.8 லிட்டர் டீசல் ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர், 1,600 ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடும்.

அதாவது, பாரம் இழுக்கும்போது பெட்ரோல் வண்டியை விரட்ட வேண்டும். டீசல் நிதானமாகவே இழுக்கும். அதனால் டயரைப் பெரிதாக்கினால் முதலில் திணறுவது பெட்ரோல் வண்டிதான். டீசலுக்கும் அந்தக் கணக்கு உண்டு, கொஞ்சம் தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான்.

உயர்த்துவதில் எத்தனை வகை?

மூன்று வழிகள் உண்டு.

சஸ்பென்ஷன் லிஃப்ட்: முன்பக்கம் உயரமான காயில் ஸ்பிரிங், பின்பக்கம் மாற்றியமைத்த பட்டை ஸ்பிரிங். சேஸிஸும் அதன் மேல் இருக்கும் எல்லாமும் உயரும்.

பாடி லிஃப்ட்: சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டைகள் வைப்பது. பார்க்க உயரமாகத் தெரியும். சேஸிஸ் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பெரிய டயர்: 30 அங்குல விட்டம் இருந்த இடத்தில் 33 அங்குலம் போட்டால், வண்டி முழுக்க ஒன்றரை அங்குலம் உயரும்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று. பின் ஆக்ஸிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் பெட்டிதான் பெரும்பாலான பிக்கப்களில் கல்லில் தட்டும் முதல் பாகம். அது சக்கரங்களோடு நேரடியாக இணைந்தது. எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பிரிங் போட்டாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. டயர் பெரிதானால் மட்டும்தான் உயரும். ஆனால், இழுவைத் திறனை நேரடியாகக் குறைப்பதும் அதே டயர்தான்.

டயர் பெரிதானால் என்ன குறைகிறது?

30 அங்குலத்தில் இருந்து 33 அங்குலத்துக்குப் போனால் விட்டம் 10% அதிகம். இன்ஜினும் கியரும் பழையதுதான். ஆனால், சக்கரம் தரையைத் தள்ளும் விசை சுமார் 9% குறையும். எல்லா கியரும் கொஞ்சம் 'டாப்' ஆகிவிட்ட மாதிரி இருக்கும்.

ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். மீட்டரில் 60 காட்டினால், உண்மையில் வண்டி 66 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

பிரேக்குக்கும் இதே கதிதான். சக்கரம் பெரிதாகவும் கனமாகவும் ஆனபின், பழைய பிரேக் அதே வண்டியை நிறுத்த அதிகம் உழைக்கணும். மலையிறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜினால் வேகத்தைப் பிடிக்கும் பழக்கம் இருக்கிறதே, அந்தப் பிடியும் அதே 9% தளரும்.

இதைச் சரிசெய்ய டிஃபரன்ஷியலில் பல் விகிதத்தை மாற்றலாம். 4.10 விகிதம் இருந்த இடத்தில் 4.5 அளவுக்கு மாற்றினால் பழைய இழுவை திரும்பக் கிடைக்கும். அமெரிக்காவில் இதற்கான பாகங்கள் எளிதாகக் கிடைக்கும். நம்ம ஊரில் அது சிரமமான, செலவு பிடிக்கும் வேலை. அதனால் டயரை ஒரு அளவு மட்டும் ஏற்றுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கொக்கி உயர்ந்தால் என்ன ஆகும்?

வண்டியை 50 மி.மீ. உயர்த்தி, 33 அங்குல டயரும் போட்டால், பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கி கிட்டத்தட்ட 9 செ.மீ. மேலே போய்விடும். டிரெய்லரின் மூக்கு வானத்தைப் பார்க்கும். அதன் பாரம் பின்பக்கம் சாயும். அப்படிச் சாய்ந்த டிரெய்லர்தான் வேகத்தில் பாம்பு மாதிரி நெளியும். ஒருமுறை நெளிய ஆரம்பித்தால் முன்னால் இருக்கும் வண்டியையும் சேர்த்து ஆட்டும்.

பாதுகாப்பாக இழுக்க, டிரெய்லர் எடையில் சுமார் 10% கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்பது பொது விதி. 1,500 கிலோ டிரெய்லர் என்றால் 150 கிலோ.

இந்த 150 கிலோ வண்டியின் நடுவில் உட்காருவதில்லை. பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், சுமார் 1.2 மீட்டர் தள்ளி உட்காருகிறது. ஏற்றப்பலகை மாதிரிதான். ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 3.1 மீட்டர் உள்ள பிக்கப்பில், பின் ஆக்ஸில் மேல் 208 கிலோ கூடும், முன் ஆக்ஸிலில் 58 கிலோ குறையும்.

முன்சக்கரம் லேசானால் ஸ்டியரிங் லேசாகும், முன் பிரேக்கின் பிடி குறையும். உயர்த்திய வண்டியில் எடையின் மையம் ஏற்கெனவே மேலே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வளைவில் வரும்போதுதான் ஆபத்து.

கூடுதல் பிளேட் போட்டால் போதாதா?

பட்டறைகளில் கேட்கும் வழக்கமான தீர்வு இது. சரக்கு பிக்கப்களின் பின் ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் கூட்டினால் பின்பக்கம் உயரும், பாரத்தில் இறங்காது.

ஆனால், இறங்காமல் நிற்பதும் தாங்குவதும் ஒன்றல்ல. பிளேட் கூடியதால் ஆக்ஸிலோ பேரிங்கோ பிரேக்கோ சேஸிஸோ பலமாகிவிடுவதில்லை. முன்பு வண்டி தொங்கிக் காட்டிய எச்சரிக்கைதான் இப்போது காணாமல் போயிருக்கிறது. காலியாக ஓடும்போது பின்பக்கம் துள்ளும், ஈரச் சாலையில் பிடி விடும்.

ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவது இன்னும் மோசம். பாரத்தோடு ஏற்றத்தில் கிளம்பும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, அதன் ஜாயின்ட்டுகள் சீக்கிரம் தேயும்.

கம்பெனிகள் எப்படிச் செய்கின்றன?

ஒரு நல்ல உதாரணம், அமெரிக்காவின் ஃபோர்டு எஃப்-150. 2021 மாடலில், 3.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் உள்ள சாதாரண எஃப்-150 அதிகபட்சம் 14,000 பவுண்டு, அதாவது சுமார் 6,350 கிலோ இழுக்கும். அதே ஆண்டின் 'ராப்டர்' உயரமானது, பெரிய டயர் கொண்டது, அதே 3.5 லிட்டர் இன்ஜினின் அதிக சக்தி வாய்ந்த வடிவம் பொருத்தியது. அதன் இழுவை அளவு 8,200 பவுண்டு, சுமார் 3,720 கிலோ மட்டுமே.

சக்தி கூடியும் இழுவை குறைந்தது ஏன்? பாலைவனத்தில் பாய்வதற்காக மென்மையாக, நீண்ட அசைவோடு வடிவமைத்த சஸ்பென்ஷன், பின்னால் தொங்கும் பாரத்தைப் பிடிக்க ஏற்றதல்ல.

மறுபக்கமும் உண்டு. ஐஸ்லாந்தில் தொடங்கிய ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து பிரிட்டனில் விற்கப்பட்ட இசுஸூ டி-மேக்ஸ் 'ஏ.டி.35' வண்டிக்கு 35 அங்குல டயர். ஆனாலும், பிரேக் உள்ள டிரெய்லராக இருந்தால் 3.5 டன் இழுக்கும் அனுமதி அப்படியே இருந்தது. அங்கே உயரத்தை மட்டும் கூட்டவில்லை. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சக்கரம் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக வடிவமைத்து, அதற்கு அங்கீகாரமும் வாங்கினார்கள். துண்டு துண்டாக மாற்றுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் பெரிய தடையே இங்கேதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதில் இருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவில் இருந்து வந்த வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட் பொருத்துவதற்கு அதே 52-வது பிரிவே நிபந்தனைகளோடு வழி சொல்கிறது. அதாவது, பெட்ரோல் வண்டியை நம்ம ஊர் அர்த்தத்தில் 'கேஸ் வண்டி' ஆக்குவதற்குத் தெளிவான பாதை இருக்கிறது. லிஃப்ட் கிட்டுக்கு அப்படித் தனியாக ஒரு வழி சொல்லப்படவில்லை. எனவே பட்டறைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்பதே சரி. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு க்ளைம் கேட்கும்போது கேள்வியாக வந்து நிற்கும்.

டிரெய்லரும் சட்டப்படி 'மோட்டார் வாகனம்'தான். அதற்கும் தனிப் பதிவு வேண்டும்.

அப்படியும் உயர்த்த வேண்டும் என்றால்?

• 50 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். அதைத் தாண்டினால் முன் ஆக்ஸில் ஜாயின்ட்டுகளின் கோணம் கெடும். உயர்த்தியதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

• பின் ஸ்பிரிங்கை, வழக்கமாக ஏற்றும் பாரத்தைச் சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்போதாவது இழுப்பவருக்கும் தினமும் இழுப்பவருக்கும் ஒரே ஸ்பிரிங் ஒத்துவராது.

• கொக்கி உயர்ந்த அளவுக்குக் கீழிறங்கும் 'டிராப் ஹிட்ச்' பொருத்தி, டிரெய்லரை மட்டமாக நிறுத்த வேண்டும்.

• டிரெய்லரில் பாரத்தின் பெரும்பகுதி அதன் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். தண்ணீர் டேங்கர் என்றால் முழுசாக நிரப்புங்க, இல்லை காலியாகக் கொண்டுபோங்க. பாதித் தண்ணீர் வளைவில் அலையடித்து வண்டியைத் தள்ளும்.

• டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறங்கும் சரிவில், 1,500 கிலோ டிரெய்லர் சுமார் 120 கிலோ விசையோடு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும்.

• லிஃப்ட் செய்தபின், கம்பெனி சொன்ன இழுவை அளவைத் தொடவே கூடாது. அது உயர்த்தாத வண்டிக்குச் சொன்ன கணக்கு.

கடைசியாக ஒரு ரசீது

இந்தக் கணக்கையெல்லாம் மனசில் போட வேண்டியதில்லை. திருவண்ணாமலை, போளூர், ஆரணி என்று நெல்லும் மணிலாவும் புழங்கும் எல்லா ஊரிலும் எடை மேடை இருக்கிறது. ஆட்கள், சாமான், டிரெய்லர் எல்லாவற்றோடும் அங்கே போங்க. முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை. அடுத்து பிக்கப் முழுவதும் ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பின் ஆக்ஸில் சுமக்கும் பாரம். டிரெய்லரைக் கழற்றிவிட்டு, இதையே இன்னொரு முறை செய்யுங்க.

ஓனர் மேனுவலில் உள்ள ஆக்ஸில் அளவோடு அந்த ரசீதுகளை ஒப்பிட்டுப் பாருங்க. பின் ஆக்ஸில் அளவு மீறியிருந்தாலோ, டிரெய்லர் மாட்டியதும் முன்பக்க எடை வெகுவாகக் குறைந்திருந்தாலோ, பாரத்தைக் குறைத்த பிறகுதான் ஜமுனாமரத்தூர் பாதையில் ஏற வேண்டும். ஏற்றத்தில் திணறினால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தலாம். இறக்கத்தில் பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளும்போது அந்த வசதி கிடைக்காது.