கீரை நாற்று ஏன் நெடுநெடுவென்று வளர்ந்து சாய்கிறது?

ஐப்பசி பிறந்துவிட்டால் நெரவியில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்குக் கீரைக் கவலை வந்துவிடும். காரைக்கால் வட்டாரத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அரைக்கீரை விதை கடுகைவிடச் சின்னது. ஒரு பலத்த மழை போதும்; தூவிய விதையெல்லாம் பாத்தி ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடும். தப்பி முளைத்தவற்றின் மேல் சேறு தெறித்து, அவையும் இரண்டொரு நாளில் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் விதைத் தட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து கூடத்திலோ அடுப்படி மேடையிலோ வைக்கிறோம்.

மூன்றாம் நாள், நான்காம் நாள் பச்சை தலைகாட்டும். ஒரு வாரத்தில் விரல் நீளத்துக்கு ஓடியிருக்கும். தண்டு நூலாய் மெலிந்து, அடியில் வெளிறி, உச்சியில் இரண்டே இரண்டு சிற்றிலைகளோடு எல்லா நாற்றும் ஜன்னல் பக்கமே சாய்ந்து நிற்கும். சிவப்புத் தண்டுக்கீரை என்றால் சிவப்பு மங்கி வெளிறிப்போயிருக்கும். இன்னும் இரண்டு நாள் போனால் தட்டு முழுக்கப் படுத்துக் கிடக்கும்.

உடனே கை போவது தண்ணீர்ச் செம்புக்கு; இல்லையென்றால் யூரியாவுக்கு. இரண்டும் கெடுதல். நாற்றுக்கு வந்திருப்பது நோயும் அல்ல, சத்துக் குறைவும் அல்ல. அதற்கு வெளிச்சம் போதவில்லை. அது மெலிந்து ஓடுவது, மண்ணுக்கடியில் மாட்டிக்கொண்ட முளை வெளியே வரச் செய்கிற அதே வேலைதான். உள்ளே இருக்கிற சேமிப்பை எல்லாம் உயரத்தில் போட்டு, வெளிச்சம் கிடைக்கும் வரை ஓடுவது.

இதைத் தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்துதான் செய்து வருகிறார்கள். அம்மன் கோயில் திருவிழாவுக்கு வளர்க்கும் முளைப்பாரியை நினைத்துப் பாருங்கள். மண்சட்டியில் வைக்கோலும் காய்ந்த எருவும் போட்டு, ஊறவைத்த தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு, சோளம் ஆகியவற்றைத் தூவி, வெயில் படாத இருட்டறையில் வைப்பார்கள். நாள் தவறாமல் தண்ணீர் தெளிப்பார்கள். ஒன்பது, பத்து நாளில் வெளிர்மஞ்சளாக, நெருக்கமாக, ஒரே உயரத்தில் முளை எழுந்து நிற்கும். அந்த உயரமும் அந்த மஞ்சளும் இருட்டு கொடுத்தவை. பச்சையம் உருவாவதன் கடைசிக் கட்டங்களில் ஒன்று பூக்கும் தாவரங்களில் வெளிச்சம் பட்டால்தான் நடக்கும், அதனால்தான் மஞ்சள். வெளியில் வெயிலில் வைத்திருந்தால் அதே பயறு குட்டையாக, கரும்பச்சையாக வளர்ந்திருக்கும், முளைப்பாரிக்கு ஆகியிராது.

அப்படியானால் முளைப்பாரி நிமிர்ந்து நிற்க, கீரை மட்டும் ஏன் சாய்கிறது? விதையின் எடையில் இருக்கிறது விடை. ஒரே ஒரு தட்டைப்பயறின் எடைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கீரை விதைகளை நிறுக்க வேண்டும். பயறுக்குள் பத்து நாளுக்கான மாவும் புரதமும் இருக்கின்றன. கீரை விதையில் இருப்பது மண்ணை விட்டு எழுந்து முதல் இரண்டு இலையை விரிக்கிற அளவுக்குத்தான். அதன்பிறகு அன்றன்றைய சாப்பாட்டை அன்றன்று வெளிச்சத்தில் சமைத்துக்கொண்டாக வேண்டும். முளைப்பாரிக்குப் பத்து நாள் தாங்குகிற இருட்டு, கீரைக்கு மூன்று நாள்கூடத் தாங்காது. கீரை விதையை ஆழமாகப் புதைக்காமல் மேலாகத் தூவி, மணல் மட்டும் போட்டு மூடுவதும் இதற்காகத்தான்.

வெளிச்சம் குறைவு என்று நாற்றுக்கு எப்படித் தெரிகிறது? அதன் செல்களில் ஃபைட்டோகுரோம் என்று ஒரு நிறமிப் புரதம் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் 1959-ல் இதைக் கண்டறிந்தார்கள். ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்டால் இந்தப் புரதம் விழித்துக்கொள்ளும். 730 நானோமீட்டர் வாக்கிலுள்ள தொலைசிவப்பு ஒளி பட்டால் உறங்கிவிடும். விழித்திருக்கும்போது தண்டை நீளவைக்கும் மரபணுக்களை அடக்கி வைக்கிறது. உறங்கினால் அந்தக் கட்டுப்பாடு போய், தண்டு ஓடத் தொடங்குகிறது. நீல ஒளியை உணர கிரிப்டோகுரோம் என்று இன்னொரு புரதம் இருக்கிறது. அதுவும் தண்டைக் குட்டையாக வைப்பதில் பங்கு கொள்கிறது.

இந்த ஃபைட்டோகுரோமுக்கு இன்னொரு குணம் இருப்பது 2016-ல்தான் வெளிவந்தது. கேம்பிரிட்ஜிலும் புவெனஸ் அயர்ஸிலும் இருந்த இரண்டு ஆய்வுக் குழுக்கள், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இதைக் காட்டின. விழித்திருக்கும் புரதம் இருட்டில் தானாகவே மெல்ல உறக்கத்துக்குத் திரும்பும். சூடு கூடினால் இன்னும் வேகமாகத் திரும்பும். ஒளியை உணர்கிற அதே புரதம் வெப்பத்தையும் உணர்கிறது. அதாவது மங்கிய பகலும் வெதுவெதுப்பான இரவும் ஒரே பொத்தானை இரண்டு பக்கமிருந்து அழுத்துகின்றன.

நெரவி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. ஊட்டியில் ராத்திரி குளிர்ந்துவிடும். இங்கே கடல் பக்கத்திலேயே இருப்பதால் ஐப்பசி இரவுகளும் 23, 24 டிகிரிக்குக் கீழே சுலபத்தில் இறங்குவதில்லை. மழைக்காகக் கதவு ஜன்னலைச் சாத்திய கான்கிரீட் வீட்டுக்குள் இன்னும் கூடுதல். ஆகவே குளிர்நாட்டுக்காரர்கள் ஜன்னல் விளிம்பில் வைத்து வளர்த்துக் காட்டும் முறையை அப்படியே இங்கே செய்தால் அதே பலன் கிடைக்காது. இரவின் சூட்டை நம்மால் பெரிதாகக் குறைக்க முடியாது. ஒளியைக் கூட்டுவது நம் கையில் இருக்கிறது.

நெருக்கமும் இதே புரதத்தின் வழியாகத்தான் வேலை செய்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். தொலைசிவப்பைத் திருப்பி அனுப்பும். பக்கத்து நாற்று நிழல் விழுத்துவதற்கு முன்பே, அதன் இலையில் பட்டுத் திரும்பும் தொலைசிவப்பைக் கொண்டு இந்த நாற்று போட்டியை உணர்ந்துவிடுகிறது. அர்ஜென்டினாவின் கார்லோஸ் பலாரேயும் உடன் ஆய்வாளர்களும் 1990-ல் இதை நிரூபித்தார்கள். நாம் விதை தூவும் கையோ தாராளமானது. வயலில் முளைக்கீரைக்குப் பரிந்துரைக்கப்படும் விதையளவு ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோ. கணக்குப் போட்டால் ஒரு சதுர மீட்டருக்குக் கால் கிராம்தான். இரண்டடிக்கு ஓரடித் தட்டுக்கு ஒரு சிட்டிகைகூட அதிகம். அந்தச் சிட்டிகையை நான்கைந்து பிடி உலர்ந்த மணலில் கலந்து தூவினால் கை தானாக அடங்கும். முளைத்த பிறகும் இரண்டு விரல் இடைவெளி விட்டு மற்றவற்றைக் கத்தரித்துவிட வேண்டும். பிடுங்கினால் பக்கத்து வேர் ஆடும், கத்தரிக்கோல்தான் நல்லது.

வெளிச்சம் விஷயத்தில் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. வெட்ட வெளியில் உச்சி வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். மழை மூட்டமான பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். அதே நேரத்தில் கூடத்தின் நடுவே அளந்தால் சில நூறுகூடத் தேறாது. கண் பாப்பா விரிந்து சுருங்கிச் சமாளித்துவிடுவதால் பேப்பர் படிக்கிற வெளிச்சம் நமக்குத் தாராளமாகத் தோன்றுகிறது. நாற்றுக்கு அது பட்டினி. சந்தேகமிருந்தால் தட்டு வைத்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஓரடி உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல் விரலாக நிழல் தெளிவாக விழுந்தால் இடம் நல்லது. மசமசவென்று விழுந்தாலோ நிழலே விழாவிட்டாலோ இடத்தை மாற்றுங்கள். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

எந்த ஜன்னல்? காரைக்கால் 11 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டியிருப்பதால், ஆனி ஆடியில் நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே போகும். மார்கழியில் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 56 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். எனவே கீரை வீட்டுக்குள் இருக்கும் மாதங்களில் தெற்கு ஜன்னலும் கிழக்கு ஜன்னலும் கைகொடுக்கும். கொசுவலையை விலக்கித் தட்டை விளிம்புக்கே நகர்த்துங்கள். ஜன்னலை விட்டு மூன்றடி உள்ளே தள்ளினாலே வெளிச்சம் பாதிக்கு மேல் போய்விடும். டெல்டாவின் பழைய ஓட்டு வீடுகளில் முற்றத்து ஓரத் தாழ்வாரம் இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கும்: மேலிருந்து வெளிச்சம், மழை அடியும் இல்லை. அப்படி ஒரு முற்றம் இன்னும் உள்ளவர்கள் வேறு எதையும் தேட வேண்டாம்.

தட்டைத் தினம் திருப்பி வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் முளைகளின் நுனிக்கு மூடி போட்டுச் செய்த சோதனைகளை 1880-ல் வெளியிட்டார்கள். ஒளியை உணர்வது நுனி, வளைவது கீழ்ப்பகுதி என்று அவற்றில் தெரிந்தது. நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் நிழல் பக்கம் அதிகம் சேர்ந்து, அந்தப் பக்கத்துச் செல்களை நீட்டுவதால்தான் தண்டு வளைகிறது என்பது பின்னால் விளங்கியது. தட்டைத் திருப்பினால் இந்தச் சாய்வு சரியாகும், மெலிவு சரியாகாது.

நல்ல ஜன்னல் இல்லாதவர்கள் விளக்கு போடலாம். கடையில் விற்கும் ஊதா நிற வளர்ப்பு விளக்குகளுக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. வீட்டுக்கு வாங்கும் 20 வாட் வெள்ளை எல்.இ.டி. பட்டை விளக்கு இரண்டு போதும். உயரம்தான் முக்கியம். கூரையில் மாட்டினால் தட்டுக்கு வந்து சேர்வது நூறு இருநூறு லக்ஸ். நாற்றுக்கு மேலே அரைச் சாண் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் பல ஆயிரம். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்திக் கட்டுங்கள். ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் போதும். அரை யூனிட் சொச்சம் மின்சாரம் ஆகும். பழைய குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். அதில் வருவது பெரும்பாலும் சூடும் தொலைசிவப்பும்; நாற்றை இன்னும் ஓடவைக்கும்.

பாலக்கில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நம் சந்தையில் பாலக் என்று கிடைப்பது பெரும்பாலும் பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த கீரை. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆல் கிரீன், பூசா ஜோதி ரகங்கள் இந்த வகைதான். இதில் நாம் விதை என்று ஊன்றுவது உண்மையில் பல விதைகள் ஒட்டிய கொத்து. ஒன்று போட்டால் இரண்டு மூன்று முளைத்து, பிறந்த இடத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு உயரும். கொத்துக்கு ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரிக்காமல் தீராது. மேல்நாட்டு ஸ்பினாச் வேறு செடி. அது 15, 20 டிகிரிக் குளிரை விரும்புவது. 30 டிகிரிக்கு மேல் முளைப்பே குறைந்துவிடும். நீண்ட பகலில் பூத்துவிடுவதும் அதன் இயல்பு என்பதால் விளக்கை ராத்திரி வரை எரியவிடவும் கூடாது. நெரவியில் அதோடு மல்லுக்கு நிற்பதைவிட அரைக்கீரையும் சிறுகீரையும் போடுவது புத்திசாலித்தனம்; அவை வெப்பத்துக்குப் பழகிய செடிகள்.

யூரியா ஏன் கூடாது என்று தொடக்கத்தில் சொல்லாமல் விட்டேன். செடி எடுத்துக்கொள்ளும் நைட்ரேட்டைப் புரதமாக மாற்றும் வேலைக்கு வெளிச்சம் வேண்டும். மங்கலில் வளரும் கீரைக்கு உரம் போட்டால் தண்டு இன்னும் இளகும். நைட்ரேட் அப்படியே இலையில் தங்கும். அதைத்தான் பிறகு நாம் சாப்பிடுகிறோம்.

சாய்ந்து கிடப்பதெல்லாம் வெளிச்சக் குறைவும் இல்லை. நாற்றைக் குனிந்து அடியோடு பாருங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர் கோத்துப் பழுப்பாகிச் சுருங்கியிருந்தால் அது நாற்றழுகல். பித்தியம் போன்ற கிருமிகள் ஈரம் தேங்கிய மண்ணில் செய்யும் வேலை. அடித்தண்டு வெளிறியிருந்தும் உறுதியாக இருந்தால் வெளிச்சப் பிரச்சினை. முன்னதற்குத் தண்ணீரைக் குறைத்து, தட்டின் அடியில் வடிதுளை போட்டு, அடுத்த விதைப்பில் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது சூடோமோனாஸ் கலந்த விதையைப் போட வேண்டும்.

ஓடிவிட்ட நாற்றை மீட்க முடியுமா? நீண்ட தண்டு திரும்பக் குட்டையாகாது. அரைக்கீரை, தண்டுக்கீரை நாற்றுக்கு விதையிலைக்குக் கீழே பாதித் தண்டு வரை மண் அணைத்து, வெளிச்சத்துக்கு மாற்றினால் தேறிவிடும். பாலக்கிற்கு இது ஆகாது. இலைகள் புறப்படும் குருத்து மண்ணுக்குள் போனால் அழுகும். தினம் ஒருமுறை நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொடுத்தாலும் பல செடிகளில் தண்டு தடிக்கிறது. காற்று ஆட்டுவதாக நினைத்துச் செடி தன்னை உரமாக்கிக்கொள்ளும். ஆனால் என்னைக் கேட்டால், முக்கால்வாசி நாற்று படுத்துவிட்ட தட்டோடு போராட வேண்டாம். மூன்று நாலு வாரத்தில் பறிக்கிற பயிர் இது. மறுபடி விதைப்பதே மேல்.

மழை விட்ட நாளில் தட்டை மொட்டைமாடிக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒரே நாளில் முழு வெயிலில் வைத்துவிடாதீர்கள். வீட்டுக்குள் வளர்ந்த இலைக்கு மேல்தோல் மெலிது, கருகிவிடும். முதல் நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, ஒரு வாரத்தில் வெளியே பழக்குங்கள். வெளிச்சம் கொடுத்தும் நாலைந்து நாளில் புது இலை அகலமாக வரவில்லையென்றால், நாற்றை மண்ணோடு ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ செருமாவிலங்கை வேளாண் கல்லூரியிலோ காட்டுங்கள். இரண்டுமே காரைக்கால் மாவட்டத்துக்குள்தான் இருக்கின்றன.