கடலின் வருமானமும் குழந்தையின் உணவும்

நெடுந்தீவுக் கடற்றொழிலாளர் ஒருவரிடம் மாத வருமானம் எவ்வளவு என்று வினவினால் யாது கூறுவார்? கடல் அமைதியாயிருக்கும் மாதத்தில் மீன்பாடு உண்டு. வாடைக்காற்று மிகுந்தாலோ தோணி கரையிலே கிடக்கும்.

1979இல் உணவு முத்திரை வழங்கப்பட்டபோது, ஐவருள்ள குடும்பத்தின் வருமானம் மாதம் 300 ரூபாவுக்கு மேற்படலாகாது என்பது விதி. எட்டு வயதிற்குட்பட்ட குழந்தைக்கு 25 ரூபா. பன்னிரண்டு வயதைக் கடந்தோர்க்கு 15 ரூபா. குழந்தைக்கு மிகுதியாக அளித்த எண்ணம் போற்றத்தக்கதே. ஆயினும், நல்ல மாதமொன்றின் வரவைக் கொண்டு ஆண்டு முழுவதையும் அளந்தால், இழப்பது அக்குழந்தையன்றோ?

2023இல் தொடங்கிய அஸ்வெசும, வருமானத்தோடு கல்வி, உடல்நலம், சொத்து, வீட்டு நிலை ஆகியவற்றையும் நோக்குகின்றது. நன்று. எனினும் விண்ணப்பத்தில் எழுதுவதும் கணக்கில் வரும். மாணவர்களே, பெற்றோருக்காக அதனை நிரப்புவோர் நீங்களல்லவா? மீன்பட்ட மாதத்தோடு தோணி கிடந்த மாதத்தையும் மறவாது எழுதுங்கள். மிகைப்படுத்தலும் வேண்டா, மறைத்தலும் வேண்டா என்பதே நாம் கூறுவது.