தோட்டத் துரைமாரின் துப்பாக்கிப் படை

பூனாகலை மலையிலிருந்து பண்டாரவளை வழியாகத் தியத்தலாவைக்குச் செல்வோர் அங்கே பரந்து கிடக்கும் இராணுவ முகாமைக் காணாது போக இயலாது. தென்னாபிரிக்க யுத்தத்திற் சிறைப்பட்ட போயர்களை அடைத்து வைப்பதற்கென 1900ஆம் ஆண்டில் எழுந்தது அம்முகாம். ஏறக்குறைய 5,000 கைதிகள் அங்கே இருந்தனர்.

அதே ஆண்டில்தான் இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையும் தோன்றியது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட இத்தொண்டர் படையில் ஐரோப்பியர் மட்டுமே சேரலாம். காலையிற் பிரட்டுக் களத்தில் நின்று, மாலையிற் கொழுந்து நிறுப்பதை மேற்பார்த்த துரைமார், ஓய்வு நாளிற் சீருடை அணிந்து பயிற்சி பெற்றனர். தியத்தலாவையே அவர்களது வருடாந்தப் பாசறை.

1914இல் மகாயுத்தம் மூண்டதும், இப்படையிலிருந்து 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் மேஜர் ஹால் பிரௌன் தலைமையில் எகிப்துக்குக் கப்பலேறினர். முதலிற் சுயெஸ் கால்வாய்க் காவல்; பின்பு ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் துருப்புகளோடு சேர்க்கப்பட்டு 1915 ஏப்ரலிற் கலிப்பொலிக் கடற்கரையை அடைந்தனர். தளபதி பேர்ட்வுட்டுக்கு மெய்காவலராயிருக்கும் பணி அவர்களுக்குக் கிடைத்தது. ஆயினும், படை ஒன்றாக நீடிக்கவில்லை. கற்றவர்களும் ஆட்களை ஏவி வேலை வாங்கிப் பழகியவர்களும் ஆதலின், ஒருவர் பின் ஒருவராக வேறு பிரிவுகளுக்கு அதிகாரிகளாக நியமிக்கப்பட்டனர். வீரர் படையாகப் போனது அதிகாரிகளின் நாற்றங்காலாயிற்று எனலாம். அந்த யுத்தத்தில் இப்படையினர் 80 பேர் மாண்டனர்; 99 பேர் காயமுற்றனர். இரண்டாம் உலக யுத்தத்திலும் பலர் இந்தியப் படைக்கு அதிகாரிகளாகச் சென்றனர்.

துரைமார் போனபின் தோட்டங்கள் தரிசாய்க் கிடக்கவில்லை. கங்காணிமாரும் தொழிலாளரும் கொழுந்து பறித்தலையும் கவ்வாத்தையும் நிறுத்தவே இல்லை. 1942இல் மலாயா யப்பானியர் வசமாகிவிட, நேச நாடுகளுக்கு இலங்கை இரப்பர் இன்றியமையாததாயிற்று. பால்வெட்டிய கைகளிற் பல தமிழ்த் தொழிலாளரின் கைகளே. அவர்களது உழைப்பும் யுத்த சேவையே; ஆனால் அதற்குப் பதக்கமோ நினைவுத்தூணோ எழவில்லை.

1949 ஏப்ரலில் துரைமார் படை கலைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. 1964இலும் 1974இலும் செய்துகொண்ட இலங்கை–இந்திய ஒப்பந்தங்களின்படி பல இலட்சம் பேர் இரு நாடுகளுக்குமிடையே பங்கிடப்பட்டனர். எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.