வயது ஏறினாலும் கோல்ஃப் ஆடலாம்

கடைப்பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்ட அன்பர்கள் சிலர், "பந்து முன்போல் தூரம் போகவில்லை" என்று கோல்ஃப் மட்டையைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். நண்பர் வட்டமும் காலை நடையும் அத்தோடு போய்விடுகின்றன. அவசரப்பட வேண்டாம். அமெரிக்க வீரர் சாம் ஸ்நீட் 1979-இல், தமது 67-ஆம் வயதில், குவாட் சிட்டீஸ் போட்டியில் ஒரு சுற்றை 67 அடிகளிலும் கடைசிச் சுற்றை 66 அடிகளிலும் முடித்தார்!

நமக்கு அந்தக் கணக்கு வேண்டாம். முன்னால் உள்ள இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினாலே பாதி பாரம் குறையும். இதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. அமெரிக்க கோல்ஃப் சங்கமே 2011-இல் இதை வலியுறுத்தியது. முதல் அடி 200 கெஜம் போகிறவருக்கு மைதானத்தின் மொத்த நீளம் 5,200 முதல் 5,400 கெஜம் இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

பையில் 14 மட்டை வரை வைக்கலாம் என்பது உச்சவரம்புதான். விற்காத சரக்கை யார் சுமப்பது? ஏழெட்டு போதும். நீண்ட இரும்பு மட்டைகளை நீக்கி ஹைபிரிட் வாங்குங்கள். கிராஃபைட் தண்டு எஃகைவிட எடை குறைவு; மணிக்கட்டில் அதிர்வும் குறையும். 18 குழிக்கு மூச்சு வாங்கினால் 9 குழியோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று: பார் 72 என்றால் அதில் 36 அடி, குழியருகே மெல்லத் தட்டும் 'பட்டிங்'குக்கே ஒதுக்கப்பட்டது. அதற்குப் பலம் தேவையில்லை. கூடத்தில் டம்ளரைச் சாய்த்து வைத்தே பழகலாம். பந்தைப் பேரன் எடுத்துத் தருவான்.