வேலியும் கிணறும்

யாழ்ப்பாணத்துக் கமக்காரன் எல்லைக்காக மட்டும் வேலியடைத்தவன் அல்லன். பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாய் நின்ற அவ்வேலி அவனுக்கு எருக்களஞ்சியமாகவும் இருந்தது. வெட்டிய குழையில் ஆடு தின்றது போக எஞ்சியது தோட்டத்தில் தாழ்க்கப்பட்டது. வேலியை மறைத்த பனையோலை உக்கத் தொடங்கியதும் அதனைக் கழற்றிச் செம்பாட்டு மண்ணிலே புதைத்தார்கள். கூரை வேய்ந்த ஓலைக்கும் அதுவே கதி. பயிரில்லாத காலத்தில் தோட்டத்தறையில் இரவு முழுவதும் மாட்டுப்பட்டி அடைத்தார்கள். எள்ளின் எண்ணெய் வீட்டுக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு, மாட்டின் சாணம் மீண்டும் மண்ணுக்கு.

பின்னர் வேலி மதிலாயிற்று, ஓலைக்கூரை ஓடாயிற்று. மதிலிலே குழை தளிர்ப்பதில்லை. எனினும் மதில் கட்டியவரை நான் குறைகூறேன். வேலியடைப்புக் கூலி எவ்வளவென்று கேட்டறிந்தவர் எவரும் குறைகூறார். இழந்த எருவின் இடத்தை யூரியாப் பை நிரப்பிற்று என்பதே என் கவலை.

அதன் தீங்கு கிணற்றிலே தெரிகிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீர் சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளூடே இறங்கித் தேங்குகின்றது. பயிர் உண்ணாத நைதரசனும் நைத்திரேற்றாகி அவ்வழியே இறங்குகின்றது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவைத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனை ஏந்தும் ஆற்றலை இந்நஞ்சு குறைக்கும். நிறத்திலும் சுவையிலும் அது தெரியாது. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. பால்மா கரைக்கும் தாய் என் செய்வாள்?

யூரியாவை மட்டும் பழித்துப் பயனில்லை. அளவுமீறிக் கொட்டிய சாணமும், கிணற்றருகே வெட்டிய மலகூடக் குழியும் அதே நைத்திரேற்றையே தருவன. கீரைப் பாத்தியில் பச்சைச் சாணமிட்டால் நோய்க்கிருமியும் உடன்வரும். நன்கு உக்கிய எருவே உணவுப் பயிருக்கு உரியது. உக்குவதற்கோ காலம் வேண்டும்.

அந்தக் காலத்தைத்தான் 2021 இல் அரசாங்கம் கொடுக்கவில்லை. மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. நெல்லும் தேயிலையும் நலிய, நவம்பரில் தடையைக் கைவிட்டது. வேலியை இழந்து மாட்டையும் விற்றுவிட்டவனிடம் ஒரே போகத்தில் எருக்கேட்டால் அவன் எங்கே போவான்?

மதிலை இடிக்க வேண்டியதில்லை. அதன் உட்புறமாக மாரி தொடங்கும்போது கிளிசறியாத் தடிகளை நட்டால் வேரோடிவிடும். மரமானபின் ஆண்டுக்கு இருமுறையேனும் குழை வெட்டலாம். சந்தை கலைந்தபின் குவியும் கோவா இலையையும் வாழைத்தண்டையும் அக்குழையோடு அடுக்கிச் சாணம் கரைத்து ஊற்றி மூடிவைத்தால், சில மாதங்களில் கையில் ஒட்டாத கரிய எரு கிடைக்கும். அதனைக் கிணற்றடியிலிருந்து விலக்கிக் குவிக்க வேண்டும்.